2014–15 ஸ்காட்டிஷ் சாம்பியன்ஷிப்: ரேஞ்சர்ஸ் ஏன் ஜெயிக்கவில்லை?

கேட்கப்பட்ட கேள்வி மூன்று துண்டாக இருக்கிறது. இரண்டாம் நிலை லீகின் ஒரு சீசனை, அதுவும் ஸ்காட்லாந்தின் சீசனை, ஏன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்? ரேஞ்சர்ஸ் மாதிரி ஒரு பெரிய கிளப் அதில் ஏன் மேலே ஏறவில்லை? ஹைலைட்ஸ் பார்ப்பதென்றால் எந்த ஆட்டங்களைப் பார்ப்பது?

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இதைப் 'பரபரப்பான பட்டப் போட்டி' என்று எழுதுகிறவர்கள் புள்ளிப் பட்டியலைப் பார்க்காமல் எழுதுகிறார்கள். ஹார்ட்ஸ் 91 புள்ளி, ஹிபர்னியன் (சுருக்கமாக ஹிப்ஸ்) 70, ரேஞ்சர்ஸ் 67. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் 21 புள்ளி இடைவெளி. பட்டத்துக்குப் போட்டியே இருக்கவில்லை. சுவாரசியமெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. என்னைக் கேட்டால், அந்த சீசனின் முடிவு மைதானத்தில் எழுதப்பட்டதைவிட, அதற்கு முந்தைய கோடையில் மூன்று கிளப்புகளின் அலுவலக அறைகளில்தான் அதிகம் எழுதப்பட்டது.

அமைப்பு எளிமையானது. 10 அணிகள், ஒவ்வொரு அணியும் மற்ற ஒன்பதுடன் தலா நான்கு முறை, ஆக 36 ஆட்டம். முதலிடம் பிடித்த அணி நேராக மேல் லீகான பிரீமியர்ஷிப்புக்குப் போகும். 3ஆவதும் 4ஆவதும் மோதி, ஜெயித்தவர் 2ஆவது அணியுடன் மோதி, அதில் ஜெயித்தவர் மேல் லீகில் 11ஆவதாக வந்த அணியுடன் மோத வேண்டும். பிளே-ஆஃப் என்கிற இந்த மோதல் ஒவ்வொன்றும் சொந்த மண்ணில் ஒன்று, வெளியூரில் ஒன்று என இரண்டு ஆட்டம். மூன்றாவதாக முடித்தால் மேலே போக ஆறு ஆட்டங்கள் கூடுதலாக ஆட வேண்டும் என்று அர்த்தம். இது பின்னால் முக்கியமாகிறது.

வழக்கமாக இந்த லீகில் சில ஆயிரம் பேர் வந்தாலே நல்ல கூட்டம். அந்த வருடம் மட்டும் எடின்பரோவின் இரண்டு பெரிய கிளப்புகளும் (ஹார்ட்ஸ், ஹிப்ஸ்), கிளாஸ்கோவின் இரண்டில் ஒன்றும் (ரேஞ்சர்ஸ்) ஒரே நேரத்தில் கீழே வந்து உட்கார்ந்தன. மூன்றும் வந்த வழி வேறு வேறு.

ரேஞ்சர்ஸ் கதை பலருக்கும் தெரியும். 2012இல் பழைய கம்பெனி கலைக்கப்பட்டு, புதிய கம்பெனியின் கீழ் நான்காம் நிலையிலிருந்து ஆரம்பித்தார்கள். 2012–13இல் அதை வென்றார்கள். அடுத்த வருடம் மூன்றாம் நிலையில் 36 ஆட்டத்தில் 33 வெற்றி, 3 டிரா, தோல்வியே இல்லை. 'இன்னும் ஒரு படிதானே' என்ற நினைப்போடு 2014 ஆகஸ்டில் வந்து இறங்கினார்கள். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று அவர்களும் நம்பினார்கள், பத்திரிகைகளும் நம்பின.

ஹார்ட்ஸ் கதை இன்னும் சிக்கலானது. உரிமையாளர் விளாடிமிர் ரொமானோவ் லித்துவேனியாவில் வங்கி நடத்தியவர். அந்த வங்கி 2013இல் கவிழ்ந்தது. கிளப்பும் கூடவே போய் திவால் நிர்வாகிகளின் கைக்கு வந்தது. தண்டனையாக 2013–14 சீசனை மைனஸ் 15 புள்ளியில் தொடங்கினார்கள். புதிய வீரர்களை வாங்கத் தடை. அகாடமிப் பையன்களை வைத்து ஒரு வருடம் அடி வாங்கினார்கள். கடைசியில் 23 புள்ளியுடன் கீழே விழுந்தார்கள். அந்த 15ஐத் திருப்பிக் கொடுத்துக் கணக்குப் போட்டால் 38 வரும்; அதே லீகில் ஹிப்ஸ் எடுத்தது 35. அதாவது மைதானத்தில் அந்தச் சின்னப் பையன்கள் ஹிப்ஸைவிட நன்றாகத்தான் ஆடியிருந்தார்கள். அடுத்த வருடம் சாம்பியன்ஷிப்பை வென்ற அணியின் முதுகெலும்பு அங்கேதான் உருவானது: ஜேமி வாக்கர், சாம் நிக்கல்சன், கேலம் பேட்டர்சன்.

ஹிப்ஸ் விழுந்த விதம்தான் பரிதாபம். 11ஆவதாக முடித்து, ஹாமில்டனுடன் பிளே-ஆஃப். வெளியூரில் நடந்த முதல் ஆட்டத்தில் 2–0 வெற்றி. இரண்டு கோலும் ஜேசன் கம்மிங்ஸ் என்ற 18 வயதுப் பையன் போட்டவை. சொந்த மண்ணில் ஈஸ்டர் ரோடில் தோற்காமல் இருந்தால் போதும், ஏன், ஒரு கோலில் தோற்றால்கூடப் போதும். ஆட்டம் ஆரம்பித்த சூட்டிலேயே ஒரு கோல் விட்டார்கள். இஞ்சுரி டைமில் இன்னொன்று. பெனால்டியில் 4–3 தோல்வி. தவறவிட்டவர்களில் அதே கம்மிங்ஸும் ஒருவர். (இந்தப் பெயரை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? பிற்பாடு ஆஸ்திரேலியாவுக்காக 2022 உலகக் கோப்பைக்குப் போய், 2023இல் மோகன் பகானுக்கு வந்து சேர்ந்தாரே, அவரேதான்.)

இப்போது அந்தக் கோடைக்கு வருவோம்.

ஹார்ட்ஸை ஆன் பட்ஜ் என்ற எடின்பரோத் தொழிலதிபர் வாங்கினார். தகவல் தொழில்நுட்பத் துறையில் சம்பாதித்தவர், ஹார்ட்ஸ் ரசிகை. அவருக்குப் பின்னால் 'ஃபவுண்டேஷன் ஆஃப் ஹார்ட்ஸ்' என்ற ரசிகர் அமைப்பு இருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் மாதாமாதம் தங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பணம் கட்டினார்கள். பட்ஜ் பொறுப்பேற்றதும் முதல் வேலையாக மேனேஜர் கேரி லாக்கை அனுப்பிவிட்டு, கிரெய்க் லெவைனைக் கால்பந்து இயக்குநராகவும், கிளப்பின் முன்னாள் வீரர் ராபி நீல்சனைத் தலைமைப் பயிற்சியாளராகவும் வைத்தார். லாக்கை ரசிகர்களுக்குப் பிடிக்கும். அதனால் அந்த முடிவுக்கு ஏச்சும் விழுந்தது. ஆனால் மே மாதமே இதெல்லாம் முடிந்துவிட்டதால் ஆள் எடுக்க நேரம் கிடைத்தது. முன்பு ரேஞ்சர்ஸில் ஆடிய அனுபவக் கோல்கீப்பர் நீல் அலெக்ஸாண்டர், ஸ்வீடனின் ஓஸ்மான் சோவ், தடுப்பாட்டத்துக்கு அலிம் ஓஸ்டுர்க், நடுவில் கானாவின் பிரின்ஸ் புவாபென், மோர்கரோ கோமிஸ். பெரிய விலை யாருக்கும் இல்லை. ஆனால் பையன்களுக்கு எந்தெந்த இடத்தில் முட்டுக்கொடுக்க வேண்டுமோ, சரியாக அங்கே கொடுத்தார்கள்.

அந்த வருடச் சட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1914 சீசனில் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்று லீகில் முன்னிலையில் இருந்த ஹார்ட்ஸ் வீரர்கள், நவம்பர் மாதம் கூட்டமாகப் போய் ஜார்ஜ் மெக்ரே திரட்டிய படைப்பிரிவில் சேர்ந்தார்கள். முதல் உலகப் போரில் அந்த அணியின் ஏழு பேர் இறந்துபோனார்கள். அதன் நூற்றாண்டுக்காக 2014–15 சட்டையின் நெஞ்சில் எந்த விளம்பரமும் இல்லை, வெறும் மரூன் நிறம். கடனிலிருந்து அப்போதுதான் மீண்ட கிளப், ஒரு வருட விளம்பரப் பணத்தை வேண்டாம் என்று சொல்வது லேசான காரியம் அல்ல.

ஹிப்ஸில் புதிய தலைமை நிர்வாகி லீயன் டெம்ப்ஸ்டர். மேனேஜர் டெர்ரி புச்சரை ஜூனில் நீக்கிவிட்டு, அதுவரை எங்கும் மேனேஜராக இருந்திராத ஆலன் ஸ்டப்ஸைக் கொண்டுவந்தார்கள். நல்ல முடிவுதான், ஆனால் தாமதம். ஆகஸ்டில் பாதி அணி இன்னும் வந்து சேரவில்லை. அதனால் முதல் இரண்டு மாதத்தில் கொட்டிய புள்ளிகளைப் பிறகு அள்ளவே முடியவில்லை.

ரேஞ்சர்ஸில்? ஆலி மெக்காய்ஸ்ட்தான் மேனேஜர். கோல் அடிக்கக் கிரிஸ் பாய்டையும் கென்னி மில்லரையும் பழைய பாசத்தில் திரும்ப அழைத்தார்கள். பாய்ட் முந்தைய வருடம் மேல் லீகில் கிலமார்னக்குக்காக 22 கோல் போட்டவர்; இங்கே அவர் போட்ட லீக் கோல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மேலே இயக்குநர் குழுவில் யாருக்கும் யாரையும் பிடிக்காது. காசு தீர்ந்துகொண்டே இருந்தது. நியூகாஸில் உரிமையாளர் மைக் ஆஷ்லியிடம் கடன். குழுவைப் பிடிக்காத ரசிகர்கள் சீசன் டிக்கெட் வாங்காமல் ஒதுங்கினார்கள். வருமானம் இன்னும் குறைந்தது. இப்படிப்பட்ட கிளப்பில் தொடர்ந்து 36 வாரம் நன்றாக ஆடுவது யாராலும் ஆகாது.

முதல் வார இறுதியே எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது. சனிக்கிழமை ஹிப்ஸ் லிவிங்ஸ்டனை 2–1 என்று வென்றது. அதில் ஒரு கோல் ஹிப்ஸின் கோல்கீப்பர் மார்க் ஆக்ஸ்லி போட்டது: தன் பெட்டிக்குள்ளிருந்து தூக்கி அடித்த பந்து தரையில் ஒரு குத்துக் குத்தி எதிர்க் கோல்கீப்பரின் தலைக்கு மேலே போய் விழுந்தது. கிளப்புக்காக அவருக்கு அது முதல் லீக் ஆட்டம். மறுநாள் ஆகஸ்ட் 10, ரேஞ்சர்ஸின் மைதானமான இப்ராக்ஸில் ரேஞ்சர்ஸ்–ஹார்ட்ஸ், 40 ஆயிரத்துக்கு மேல் கூட்டம். ரேஞ்சர்ஸின் முன்னாள் பையன், இப்போது ஹார்ட்ஸ் கேப்டன், டேனி வில்சன் தலையால் ஒன்று போட்டார். 90 நிமிடம் தாண்டி நிக்கி லா சமன் செய்ததும் இப்ராக்ஸ் குதித்தது. குதித்தவர்கள் உட்காருவதற்குள், பந்தை நடுவில் வைத்து ஆரம்பித்த அடுத்த தாக்குதலிலேயே ஓஸ்மான் சோவ் உள்ளே தள்ளினார். 2–1. அடுத்த ஞாயிறு ஹார்ட்ஸின் மைதானமான டைன்காஸிலில் எடின்பரோ டெர்பி, அதாவது ஹார்ட்ஸும் ஹிப்ஸும் மோதும் உள்ளூர்ப் போட்டி. அதிலும் ஹார்ட்ஸ் 2–1. எட்டே நாளில் இரண்டு பெரிய போட்டியாளர்களையும் சாய்த்தாகிவிட்டது.

அக்டோபர் 26இல் நடந்த டெர்பிதான் என் கணக்கில் அந்த சீசனின் உச்சம். ஈஸ்டர் ரோடில் டொமினிக் மலோங்கா கோல் போட்டு ஹிப்ஸ் முன்னிலை. 90 நிமிடம் முடிந்துவிட்டது. உள்ளூர்க்காரர்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். பந்து ஓஸ்டுர்க்கிடம் வருகிறது. கோலுக்கு ஏறக்குறைய 40 கஜம். தடுப்பாட்டக்காரர் அங்கிருந்து அடிப்பார் என்று யார் நினைப்பார்கள்? யாரும் அவரை நெருங்கிக்கூடப் போகவில்லை. ஓங்கி ஒரு அடி. ஆகஸ்டில் கோல் போட்ட அதே ஆக்ஸ்லி பாய்ந்தும் எட்டவில்லை. 1–1. தோற்க வேண்டிய நாளில் தோற்காமல் வந்த அணி அது. முதல் 20 லீக் ஆட்டங்களில் அவர்களுக்குத் தோல்வியே கிடையாது. ஜனவரியில் ஃபால்கிர்க்தான் வந்து முடித்துவைத்தது. முழு சீசனிலும் தோற்றது மூன்றே ஆட்டம். மற்ற இரண்டும் பட்டம் கையில் வந்த பிறகு.

ரேஞ்சர்ஸின் டிசம்பரைத் தனியாகச் சொல்ல வேண்டும். 3ஆம் தேதி, மேல் லீகில் இல்லாத அணிகளுக்கான சேலஞ்ச் கோப்பையின் அரையிறுதியில் அல்லோவாவுடன் 2–0 முன்னிலை. அல்லோவா பகுதிநேர அணி. வீரர்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள். கடைசி 20 நிமிடத்துக்குள் மூன்று கோல் போட்டு 3–2 என்று ஜெயித்துவிட்டார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் அவர்கள் இப்ராக்ஸுக்கே வந்து 1–1 டிரா செய்துவிட்டுப் போயிருந்தார்கள். 12ஆம் தேதி மெக்காய்ஸ்ட் ராஜினாமா நோட்டீஸ் கொடுத்த செய்தி கசிந்தது. அன்று இரவே டம்ஃப்ரீஸில் குவீன் ஆஃப் த சவுத்திடம் 2–0 தோல்வி. சில நாளில் அவரை வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு உதவியாளர் கென்னி மெக்டவலைப் பொறுப்பில் வைத்தார்கள். அவர் விரும்பி எடுத்த வேலை மாதிரியே தெரியவில்லை. 27ஆம் தேதி ஈஸ்டர் ரோடில் 4–0 தோல்வி. ஜனவரி 16இல் ஹார்ட்ஸுடன் நடக்க வேண்டிய ஆட்டத்தைப் பனிப்பொழிவு அரை மணி நேரத்துக்குள்ளாகவே நிறுத்திவிட்டது. அன்று வானமாவது இரக்கம் காட்டியது என்று கிளாஸ்கோவில் ஜோக் அடித்திருப்பார்கள்.

பிப்ரவரி ஆரம்பத்தில் நியூகாஸிலிலிருந்து ஐந்து பேரை மொத்தமாகக் கடனாக அனுப்பினார்கள். அதில் உருப்படியாக ஆடியவர் ஹாரிஸ் வுகிச் ஒருவர்தான். அதே மாதம் ஸ்காட்டிஷ் கோப்பையில், அதுவும் சொந்த மண்ணில், ரைத் ரோவர்ஸிடம் 2–1 தோல்வி. மார்ச் 6 அன்று பங்குதாரர் கூட்டத்தில் டேவ் கிங் தரப்பு பழைய குழுவைத் தூக்கி எறிந்தது. ஸ்டூவர்ட் மெக்கால் மேனேஜராக வந்தார். ஹார்ட்ஸ் மே மாதம் முடித்த வேலையை ரேஞ்சர்ஸ் அடுத்த மார்ச்சில்தான் ஆரம்பித்தது. ரேஞ்சர்ஸ் ஏன் ஜெயிக்கவில்லை என்ற கேள்விக்கு என் பதில் அந்தப் பத்து மாதம்தான்.

பட்டம் மார்ச் 22இல் முடிவானது. அன்று ஹார்ட்ஸுக்கு ஆட்டமே இல்லை. ரேஞ்சர்ஸ் ஈஸ்டர் ரோடு போய் ஹிப்ஸை 2–0 என்று வென்றதில், ஏழு ஆட்டம் மீதமிருக்கும்போதே ஹார்ட்ஸ் சாம்பியன். பரம எதிரி தோற்று, இன்னொரு எதிரி ஜெயித்து, வீட்டில் உட்கார்ந்தபடியே கிடைத்த பட்டம். அதற்கு மூன்று வாரம் முன்பு டைன்காஸிலில் கௌடன்பீத்தை 10–0 என்று நசுக்கியிருந்தார்கள். ஜனவரியில் கடனாக வந்த டச்சுக்காரர் ஜெனெரோ ஜேஃபுய்க்குக்கு ஹாட்ரிக். 96 கோல் போட்டு 26 மட்டும் வாங்கிய சீசன்.

கௌடன்பீத் பாவம். ஃபைஃப் பகுதியின் பழைய நிலக்கரி ஊர். அவர்களுடைய சென்ட்ரல் பார்க் மைதானத்தைச் சுற்றி ஸ்டாக் கார் பந்தயத் தடம் ஓடுகிறது. ரசிகர் ஆட்டத்தைத் தடத்துக்கு அப்பாலிருந்துதான் பார்க்க வேண்டும். கடைசி இடத்தில் முடித்து இறங்கிப்போனார்கள். டம்பார்ட்டன் இன்னொரு பகுதிநேர அணி; ஒரே ஒரு பார்வையாளர் ஸ்டாண்ட், பக்கத்தில் ஒரு பெரிய பாறையும் அதன் மேல் கோட்டையும். சுமார் 2,000 இருக்கைதான். இப்ராக்ஸில் 50 ஆயிரம் பேர் உட்காரலாம். இந்த இரண்டு மைதானமும் ஒரே லீகில் இருந்ததுதான் அந்த வருடத்தின் விசித்திரம். டம்பார்ட்டன் அசராமல் 7ஆவதாக முடித்தது. லிவிங்ஸ்டனுக்கு வரி விவகாரத்தில் 5 புள்ளி வெட்டு. அதே சீசனில் அல்லோவாவை 4–0 என்று வென்று சேலஞ்ச் கோப்பையையும் எடுத்தார்கள். டம்ஃப்ரீஸின் அணி குவீன் ஆஃப் த சவுத் 4ஆவது. பைபிளில் பெயர் வரும் ஒரே கால்பந்து கிளப் தங்களுடையது என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமை அடிப்பார்கள். மத்தேயுவில் வரும் தென்தேசத்து ராஜஸ்திரீயை மனதில் வைத்து.

ஃபால்கிர்க் 5ஆவது. ஆனால் ஸ்காட்டிஷ் கோப்பையில் அரையிறுதியில் ஹிப்ஸை 1–0 என்று வீழ்த்தி இறுதி வரை போய், இன்வர்னஸிடம் 2–1 என்று தோற்றது. இரண்டாம் நிலை அணிக்கு இது பெரிய விஷயம். பத்துப் பேரோடு ஆடிய எதிரணியிடம் கடைசி நேரத்தில் விட்ட கோல் என்பதால் இன்னும் வலித்திருக்கும்.

இப்போது பிளே-ஆஃப். லீகில் ஹிப்ஸ் ரேஞ்சர்ஸை நான்கில் மூன்று முறை வென்றிருந்தது: 3–1, 4–0, 2–0. ஆட்டத்தின் அழகையும் சேர்த்துப் பார்த்தால் ஸ்காட் ஆலன் நடுவில் நின்று பந்தைப் பிரித்துக்கொடுத்த அந்த ஹிப்ஸ்தான் லீகிலேயே கண்ணுக்கு இனிமையான அணி என்பேன், சாம்பியன் ஹார்ட்ஸையும் சேர்த்து. ஆனால் அரையிறுதியில் இப்ராக்ஸில் 2–0 தோல்வி. ஈஸ்டர் ரோடில் அடித்துக்கொண்டே இருந்தார்கள், பந்து உள்ளே போகவில்லை. இஞ்சுரி டைமில் கம்மிங்ஸ் ஒன்று போட்டபோது நேரம் முடிந்திருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

குவீன் ஆஃப் த சவுத்தையும் ஹிப்ஸையும் தாண்டி மூச்சு வாங்கிக்கொண்டு இறுதிக்கு வந்த ரேஞ்சர்ஸை, மேல் லீகில் 11ஆவதாக வந்த மதர்வெல் பிய்த்து எறிந்தது. இப்ராக்ஸில் 3–1, ஃபிர் பார்க்கில் 3–0, மொத்தம் 6–1. மெக்கால் அதே சீசனின் நவம்பர் வரை மதர்வெல்லின் மேனேஜராக இருந்தவர். தான் விட்டுவந்த அணியே தன்னை மேலே ஏறவிடாமல் தடுத்தது. கடைசி விசில் ஊதியதும் கைகுலுக்கும் இடத்தில் ரேஞ்சர்ஸின் பிலெல் மோஸ்னிக்கும் மதர்வெல்லின் லீ எர்வினுக்கும் கைகலப்பு. மோஸ்னியை அதற்குப் பிறகு அந்தச் சட்டையில் யாரும் பார்க்கவில்லை.

கூட்டக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், கேள்வியின் முதல் துண்டுக்கு அதுவும் ஒரு பதில். சராசரியாக இப்ராக்ஸில் 30 ஆயிரத்துக்கு மேல், டைன்காஸிலில் 16 ஆயிரத்தை ஒட்டி. அந்த வருடம் மேல் லீகில் இவ்விரண்டையும் மிஞ்சியது கிளாஸ்கோவின் இன்னொரு கிளப்பான செல்டிக் மட்டும்தான். மேலே செல்டிக் 17 புள்ளி வித்தியாசத்தில் சோம்பலாகப் பட்டம் வாங்கிக்கொண்டிருந்தபோது, நாட்டின் பெரிய போட்டிகளெல்லாம் கீழ்த்தளத்தில் நடந்துகொண்டிருந்தன.

அப்புறம் நடந்தது சுருக்கமாக: ஹார்ட்ஸ் ஏறிய முதல் வருடமே பிரீமியர்ஷிப்பில் மூன்றாவது. ரேஞ்சர்ஸ் மார்க் வார்பர்ட்டனின் கீழ் 2015–16இல் ஏறியது. ஹிப்ஸ் மேலும் இரண்டு வருடம் கீழேயே கிடந்தது. ஆனால் 2016 மே மாதம் அதே ரேஞ்சர்ஸை 3–2 என்று வென்று, 1902க்குப் பிறகு முதன்முறையாக ஸ்காட்டிஷ் கோப்பையைத் தூக்கியது. மாதாமாதம் பணம் கட்டிய ஹார்ட்ஸ் ரசிகர்களின் அமைப்பு 2021இல் கிளப்பின் பெரும்பான்மைப் பங்குக்கு உரிமையாளர் ஆனது.

ஹைலைட்ஸ் பார்க்க உட்கார்ந்தால் ஆகஸ்ட் 10 இப்ராக்ஸ் ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் ஆரம்பியுங்கள். அடுத்து ஓஸ்டுர்க்கின் கோல். டெர்பியைக் கொஞ்சம் முன்னாலிருந்தே ஓடவிடுங்கள், இல்லையென்றால் அது எவ்வளவு எதிர்பாராதது என்று புரியாது. மூன்றாவது, டிசம்பர் 27 ஹிப்ஸின் 4–0. பத்து கோல் ஆட்டத்தைத் தவிர்க்கலாம். நான்காவது கோலுக்குப் பிறகு அது பயிற்சி ஆட்டம் மாதிரி ஆகிவிடும்.